காலண்டரில் எழுதாத இடம்

அத்தியாயம் 16

அந்த வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், செருப்பை மாட்டுவதற்கு முன் சமையலறைக்குள் ஒரு நடை போய்வர வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்குகிறது. தேதிக்குப் பெரிய பெரிய கட்டம். இன்று எங்கே போகிறோம், மதியம் சாப்பாட்டுக்கு வருவோமா மாட்டோமா என்று அன்றைய கட்டத்தில் எழுதிவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம். நூல் கட்டிய பென்சில் பக்கத்திலேயே தொங்கும். பென்சிலைக் காணோம் என்று சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள்.

இது அம்மா போட்ட சட்டம். அப்பா ஒரு நாள் காலையில் "இதோ வந்துடறேன்" என்று போனவர், ஊரின் மறுகோடியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தார். எங்கே போனார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றரை நாள் தேடினார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியில் கிடைத்தபோது உயிர் இல்லை. அந்த மாதமே அம்மா முதல் காலண்டரை வாங்கி மாட்டினாள். பதினெட்டு வருஷமாகிறது. வருஷா வருஷம் காலண்டர் மாறுகிறது, ஆணி அதேதான்.

போன வாரம் நாம் இந்த வீட்டுப் பெண் சின்னவளை விட்டுவந்தது டெலிபோனும் கையுமாக. ஞாபகம் இருக்குமே.

சின்னவள் வேலை பார்ப்பது நாலைந்து ஆஸ்பத்திரிகள் நடத்துகிற பெரிய கம்பெனியில். அந்தக் கம்பெனிக்குப் பொருள் கொடுக்கிற, துணி வெளுத்துக் கொடுக்கிற வெளி இடங்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது அவள் உத்தியோகம். யாரையாவது மிரட்டி வேலை வாங்குகிறார்களா, யார் பாஸ்போர்ட்டையாவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, 'எங்களுக்காக நடக்கும் எந்த வேலையிலும் அடிமை உழைப்பு கிடையாது' என்று கம்பெனி ஓர் அறிக்கை வெளியிடும். கையெழுத்து மேலதிகாரியுடையது. அதற்கு ஆதாரம் படிவத்தில் சின்னவள் போடுகிற டிக்.

இந்த வருஷத்து டிக் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் போன வாரம் ஒரு நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள். கை வெந்துபோய் ஒரு பெண் வந்தாளாம். ஆஸ்பத்திரித் துணிகள் போகிற சலவைக்கூடத்தில் வேலை. பதிவு செய்யப் பாஸ்போர்ட் கேட்டதற்கு, "அதெல்லாம் எங்ககிட்ட இருக்காது" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னாளாம்.

சின்னவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? போன வருஷம் அவளே நேரில் போய்ப் பார்த்த இடம். அறுபத்திரண்டு பெண்கள், அறுபத்திரண்டு பாஸ்போர்ட், அத்தனையும் அவரவர் கையில். எல்லோரும் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் சின்னவள் சிரிக்கிற படம்தான் போன வருஷத்து அறிக்கைக்கு முகப்பு. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. காட்டாதது காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான், அவருக்கு அவசரம்.

*

இன்று காலை சின்னவள் காலண்டரில் எழுதினாள்: 'அட்டைப்பெட்டி கம்பெனி. சாப்பாடு வேண்டாம்.'

பென்சிலை விட்டதும் பெரியவன் டீயோடு வந்து நின்றான். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் போன். காலண்டரைப் படம் பிடித்துக்கொண்டான்.

"ஏண்ணா, தினம் தினம் அதைப் படம் பிடிக்கிறியே, அது என்ன கல்யாணப் பொண்ணா?"

"நீ எங்கே போறேன்னு தெரிஞ்சாத்தானே, வழியில இருந்தா வேன்ல ஏத்திக்கலாம்?"

"மூணு வருஷத்துல ஒரு நாளாவது ஏத்தியிருக்கியா?"

"நீ போற இடம் ஒண்ணாவது என் வழியில வருதா? நான் என்ன பண்ணட்டும், இன்ஸ்பெக்டரம்மா."

அவள் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

பெரியவனைப் பற்றிப் புதிதாக வந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு வேன் ஓட்டப் போனான். தங்கையைப் படிக்கவைத்தது அந்த ஸ்டியரிங்தான். இப்போது சொந்தமாக ஏழு வேன். வெளிநாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்து, விடுதியில் தங்கவைத்து, காலையில் வேலை இடத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற தொழில். எந்தெந்த இடத்துக்கு ஆள் விடுகிறாய் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சின்னவளும் கேட்டதில்லை. ஊரெல்லாம் போய்க் கேட்கிற கேள்வியை வீட்டில் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

*

பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து அந்த வெந்த கை அவளை விடவில்லை. பார்க்காத கை. ஆனாலும் விடவில்லை.

பஸ் மாற வேண்டிய சந்திப்பில் இறங்கினாள். அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போகிற பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய், சலவைக்கூடத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். ஆபீசில் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கே போவது என்று முடிவு செய்வது அவள் ஒருத்திதான். அவள் நேரில் போய் நிற்கும்வரை வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

போன வருஷம் இதே சலவைக்கூடத்து வாசலில் அவளுக்கு டீ தயாராக இருந்தது. பெண்கள் எல்லோரும் புதுக் கையுறை போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குடம், மின்விசிறி, முதலுதவிப் பெட்டி, எல்லாம் பளபளவென்று இருந்தன. 'எப்போது போனாலும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு வந்தாள்.

இன்று டீ இல்லை. வாசலில் ஆஸ்பத்திரி அழுக்குத் துணி மஞ்சள் மூட்டைகளாக இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. உள்ளே நீராவி. கொதிக்கிற ரோலருக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈரப் படுக்கை விரிப்பின் நுனியைப் பிடித்து உள்ளே கொடுக்க, அந்தப் பக்கம் இரண்டு பேர் வெந்து வருகிற விரிப்பைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையிலும் கையுறை இல்லை. கையுறைகள் மூடி வைத்த பெட்டியில், அலமாரிக்கு மேலே இருந்தன. போன வருஷத்துப் பெட்டிதான்.

மானேஜர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"மேடம்! நீங்களா? நீங்க இன்னிக்கு அட்டைப்பெட்டி கம்பெனிக்குல்ல..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"இல்ல மேடம். சும்மா. யாரோ பேசிக்கிட்டாங்க."

"யார்?"

மானேஜர் ரோலரைப் பார்த்தார். ரோலர் பதில் சொல்லவில்லை.

மேலதிகாரிக்கும் தெரியாத விஷயம். அட்டைப்பெட்டி கம்பெனி என்று அவள் எழுதியது உலகத்திலேயே ஓர் இடத்தில்தான். பென்சிலால். சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

இருக்காது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"இவங்க பாஸ்போர்ட்டெல்லாம் எங்கே?"

"அவங்கவங்ககிட்டதான் மேடம். போன வருஷம் நீங்களே கண்ணால பாத்தீங்களே."

"இன்னிக்கும் பாக்கிறேன்."

மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காத்திருக்கவில்லை. அவருடைய அறைக்குள் நுழைந்தாள். மூலையில் ஓர் இரும்பு அலமாரி. கதவுக்குக் கம்பிவலை. வலைக்குப் பின்னால் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சுருக்குப்பை, வரிசை வரிசையாக. ஒவ்வொரு பையும் ஒரு பாஸ்போர்ட் அளவுக்குக் கச்சிதமாகப் புடைத்திருந்தது.

வெள்ளைத் துணியில் நீலப் பூ.

அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். முன்னறை ஜன்னலுக்கு அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பச்சைக் கோடு போட்டதுதான் வேண்டும் என்று பெரியவன் கடையிலேயே சண்டை போட்டான். ஆறு வருஷம் ஜன்னலில் தொங்கிய திரை. பைகளில் சிவப்பு நூலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் தைத்திருந்தது. அவளுடைய பள்ளிக்கூடப் பையில் பெயரைத் தைத்த அதே சங்கிலித் தையல். அம்மா கை.

சின்னவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவி?"

"என்கிட்ட இல்ல மேடம், சத்தியமா. கான்ட்ராக்டர்கிட்டதான். ஆளைக் கொண்டுவர்றதும் அவர்தான், இதை வெச்சிருக்கறதும் அவர்தான். அந்த வேன்காரர்."

வேன்காரர் பெயர் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய படிவத்திலும் அந்தக் கேள்வி கிடையாது. வேலை இடத்தைப் பற்றி நாற்பது கேள்வி உண்டு. வேலைக்கு ஆளைக் கொண்டுவருகிறவர் யார் என்று ஒரு கேள்விகூட இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்ததே அவள்தான்.

*

தலையணை உறை மடிக்கிற மேஜையில் ஒரு பெண் ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் விரல் நுனிவரை கட்டு. இந்த மொழியை இங்கே வந்து கற்றுக்கொண்டவள். நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"உங்களைத் தெரியும் மேடம். போன வருஷம் வந்தீங்க. போட்டோ எடுத்தீங்க. நான் உங்க பக்கத்துல நின்னேன்."

சின்னவளுக்கு அவளை ஞாபகம் இல்லை. தினமும் முன்னறையில் பார்க்கிற படம். அதில் தன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு எல்லார் கையிலயும் பாஸ்போர்ட் இருந்துச்சே?"

"காலையில குடுத்தாங்க. நீங்க போனதும் வாங்கிட்டாங்க. அன்னிக்கு அரை நாள் என் கையில இருந்துச்சு. நான் என் போட்டோவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல. பாஸ்போர்ட் காட்டுன்னீங்க. காட்டினேன். குட்னு சொன்னீங்க."

ஒரு உறையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். சேர்ந்தாற்போல் நிற்கக்கூட அவளுக்கு நேரம் இல்லை.

"எங்க அம்மா செத்துட்டாங்க மேடம். ஏழு மாசம் ஆச்சு. போறேன், பாஸ்போர்ட் குடுங்கன்னு கேட்டேன். இப்ப ஆள் இல்ல, அப்புறம் பாக்கலாம்னாங்க. அப்புறமும் கேட்டேன். அப்புறம் கேக்கல."

"உன் பை எந்த நம்பர்?"

"முப்பத்தொண்ணு."

"நான் வர்றேன்" என்றாள் சின்னவள். "சாவியோட வர்றேன். இன்னிக்கே."

அந்தப் பெண் தலையாட்டினாள். நம்பித் தலையாட்டியது இல்லை அது. பெரிய இடத்து ஆள் பேசினால் ஆட்ட வேண்டுமே என்று ஆட்டியது.

*

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் கட்டம் போட்ட துணி. பக்கத்துக் கூடையில் தைத்து முடித்த சுருக்குப்பைகள்.

"சாப்பாடு வேணாம்னு எழுதியிருந்தியேம்மா? ஒண்ணும் எடுத்து வைக்கலியே."

"இது யாருக்கும்மா தைக்கிறே?"

"அட்டைப்பெட்டி கம்பெனிப் பொண்ணுங்களுக்காம். நாப்பது. உங்கண்ணன் கேட்டான். பாவம், ஊர் விட்டு ஊர் வந்த புள்ளைங்க. சாமானை எல்லாம் தொலைச்சிட்டுத் தவிக்குதுங்களாம்." அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "போன தடவை அறுபத்திரண்டு தச்சேன். நம்ம பழைய ஜன்னல் துணி வீணாப் போகலியே."

சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கம்பிவலை அலமாரி. நீலப் பூ. முப்பத்தொன்றாம் நம்பர்.

மெஷின் நின்றது.

"பாஸ்போர்ட்டா வெச்சிருக்கான்? நான் தாலி... நான் நகை நட்டு, போன், அந்த மாதிரின்னு..." அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பத்திரமா இருக்கட்டும்னுதானேடி தச்சேன்."

"பத்திரமாத்தாம்மா இருக்கு. அவங்களால எடுக்க முடியல."

அம்மா மடியில் இருந்த பையைப் பார்த்தாள். பாதி தைத்த பை. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா... எப்பன்னு சொன்னே?"

"ஏழு மாசம்."

"ஒன்றரை நாள்," என்றாள் அம்மா. "உங்கப்பா எங்கேன்னு தெரியாம நான் இருந்தது ஒன்றரை நாள்தான். அதுக்கே எனக்கு..." வெட்கத்தில் அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. இந்த வயதில் அம்மா அப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்து சின்னவள் பார்த்ததில்லை. பார்க்கப் பொறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் நிமிர்ந்திருக்க யோக்கியதை ஏது?

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

*

பெரியவன் உள்ளே வந்தான். கையைக் கழுவினான். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மானேஜர் போன் பண்ணியாகிவிட்டது என்பது அவன் தண்ணீர் குடித்த வேகத்திலேயே தெரிந்தது.

"சாப்பாடு போடும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"நீதானா அண்ணா?" என்றாள் சின்னவள்.

"நான் யாரையும் அடிச்சேனா? பட்டினி போட்டேனா? விடுதியில போய்ப் பாரு, மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன்."

"பாஸ்போர்ட் ஏன் உன்கிட்ட இருக்கு?"

"முதல் வருஷம் ரெண்டு பேர் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க. ஒரு ஷிப்ட் நின்னு போச்சு. துணி எங்கே, துணி எங்கேன்னு யார் கத்தினது தெரியுமா? உங்க ஆஸ்பத்திரிதான். சாயங்காலம் போடற அழுக்கு காலையில வெள்ளையா வரணும். யார் கை வெந்தா என்ன? அப்படிக் கேக்கறவங்களுக்கு, எப்படி வருதுன்னு மட்டும் தெரிய வேணாமாம். அதுக்கு ஒரு அறிக்கை, அதுக்கு ஒரு போட்டோ."

அவன் சொன்னதில் பொய் இல்லையே.

"என்னை வெச்சு ஏமாத்திட்டியே அண்ணா. என் வேலையை, என் பேரை..."

"உன் பேரை நான் தொட்டேனா? உன்கிட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாளைக்கு எங்கே போறேன்னு கேட்டிருக்கேனா? நீதான் எழுதினே. சுவத்துல இருந்துச்சு. படிச்சேன்."

"எனக்குத் தெரியாதுண்ணா."

"மூணு வருஷமா நீ திடீர்னு போய் நிக்கிற இடத்துல எல்லாம் டீ ரெடியா இருந்துச்சு. அப்பவும் உனக்குத் தோணல." பெரியவன் குரல் இறங்கியது. கோபம் போய், வேறு ஏதோ வந்திருந்தது. "தெரிஞ்சுக்க உனக்கு ஆசையில்ல பாப்பா. எனக்கும் உனக்குத் தெரிய வேணாம்னுதான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் சௌகரியமாப் போச்சு."

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. டீ தயாராக இருந்ததை மரியாதை என்று நினைத்தாள். அதை வீட்டில் வந்து சொல்லிப் பெருமைப்பட்டாள். இதே இடத்தில் உட்கார்ந்து, இதே அண்ணனிடம்.

அவள் பையிலிருந்த போன் அதிர்ந்தது, எடுத்தாள். மேலதிகாரி. 'படிவம் இன்னும் வரலியே?' என்று செய்தி.

பெரியவன் அதைப் பார்த்தான்.

"ஒரு டிக். வருஷத்துக்கு ஒரு டிக். போட்டு அனுப்பிடு. கொஞ்ச நாள்ல நானே மெல்ல எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். சத்தியமா. உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்கறேன். என்னைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போறதை அம்மா பாக்கணுமா?"

பத்தொன்பது வயதில் படிப்பை விட்டவன் கேட்கிறான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், போட்டுவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

அம்மா எழுந்தாள்.

நேரே போய் நூல் டப்பாவைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்னச் சாவியை எடுத்தாள்.

"பத்திரமா வைம்மான்னு குடுத்தியே. அந்த அலமாரிக்குத்தானே இது?"

பெரியவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

அம்மா சமையலறைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் நின்று பென்சிலைப் பிடித்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் காலண்டரில் அவள் ஒரு நாளும் எழுதியதில்லை. வீட்டில் இருந்து காத்திருக்கிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது? இன்று எழுதினாள். அட்டைப்பெட்டி கம்பெனிக்குக் கீழே, கோணல் மாணலாக, 'சலவைக்கூடம். அம்மா.'

"எதுக்கும்மா எழுதறே?" என்றாள் சின்னவள். "இனிமே யாருக்குத் தெரியணும்?"

"யாருக்குத் தெரியணுமோ அவனுக்குத்தான். நான் எங்கே போறேன்னு மறைச்சுட்டுப் போகல." அம்மா செருப்பைத் தேடிக் காலை விட்டாள். "பெரியவனே, வண்டியை எடு."

"அம்மா..."

"நீ வரலேன்னா பஸ்ல போறோம். ஆனா அந்தப் புள்ளைங்க கையில நீதான் குடுக்கணும். நான் தச்ச பையிலேருந்து, நீ எடுத்து, நீ குடுக்கணும். எடு வண்டியை."

*

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவன் முன் கதவைத் திறந்து பிடித்தான். அந்த வேனில் அம்மா எப்போது ஏறினாலும் முன் சீட்தான். அது அவளுடைய சீட். அவளுக்கென்று ஒரு திண்டுகூடப் போட்டு வைத்திருக்கிறான்.

"ஏறும்மா."

"அந்தப் புள்ளைங்க எங்கே உக்காருவாங்க?"

"பின்னாடி."

அம்மா முன் கதவைத் தாண்டிப் போனாள். சின்னவள் பின்னாலேயே போனாள். இழுத்துத் திறக்கிற பக்கக் கதவு. உள்ளே எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு. ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. சோப்பு வாசனை. அம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள், சின்னவள் எதிரில்.

பெரியவன் தயங்கினான். பிறகு, தினமும் செய்கிற பழக்கத்தில், கதவை இழுத்துச் சாத்தினான்.

உள்ளே இருட்டாகிவிட்டது. சின்னவள் மடியில் போன் மறுபடி அதிர்ந்தது. அதில் படிவம் திறந்திருந்தது, நாற்பது கேள்வியோடு. நாற்பத்தொன்றாவதை இனி அவள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதினால் அதற்கு எதிரே பதிலாக வரப்போவது அண்ணன் பெயர். அதை அவள் விரல் எழுதுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா கதவைத் தடவிக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டியிருக்கும், கொஞ்சம் திறந்து வைக்கலாம் என்று நினைத்திருப்பாள். மேலே தடவினாள். கீழே தடவினாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரலுக்கு இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் தட்டுப்பட்டன. கைப்பிடியைக் கழற்றி எடுத்திருந்தார்கள்.

அம்மா விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"பெரியவனே," என்றாள், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. "உள்ளேருந்து இதை எப்படிப்பா திறக்கறது?"

வேன் கிளம்பவில்லை. வெளியே செருப்புச் சத்தம்கூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், கையில் வேன் சாவியோடு, பெரியவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.